ஹூலாவில் ஒரு ஆயுசுக்குக் கற்க என்ன இருக்கிறது?

கேள்வி இது: "ஹவாயின் ஹூலா என்றால் இலைப் பாவாடை கட்டி, மாலை போட்டு, இடுப்பை ஆட்டுவதுதானே? பத்து நாள் சுற்றுலா போகிறவர்களுக்கே கடற்கரையில் ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்காக ஒருவர் ஐந்து வயதிலிருந்து சாகும்வரை தன்னைக் கொடுத்தார் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?"

நியாயமான சந்தேகம்தான். இடுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹூலா ஆடுகிறவர் இடுப்பை ஆட்டுவதில்லை. முழங்காலை மடிக்கிறார். நம்பாவிட்டால் எழுந்து நின்று செய்து பாருங்கள். இரண்டு முழங்காலும் நன்றாக மடிந்திருக்கட்டும். முதுகு நேராக, தோளும் தலையும் அசையாமல், உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள். இடுப்பு தானாகவே போய் வரும். அதை நீங்கள் ஆட்டினால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிட்டால் அழகாக இருக்கும். இரண்டு நிமிடத்தில் தொடை எரிய ஆரம்பிக்கும். பழைய முறையில் இப்படித் தாழ நின்றுகொண்டே முழுப் பாட்டையும் ஆட வேண்டும். எரிமலைத் தெய்வம் பெலேயின் தீவான ஹவாய்ப் பெருந்தீவில் வளர்ந்த ஒரு பாணியில், தரைக்கு இன்னும் கிட்டே போய், வேகமாகவும் ஆடுவார்கள்.

சரி, இது உடற்பயிற்சி. சில வருடத்தில் வந்துவிடும். ஆயுசு பூராவும் பிடிப்பது இதுவல்ல.

ஹூலாவில் முதலில் வருவது சொல். பாட்டு இல்லாமல் வெறும் தாளத்துக்கு ஹூலா கிடையாது. அந்தப் பாட்டை ஹவாய் மொழியில் 'மேலே' என்பார்கள் (நம்முடைய மேலே, கீழே இல்லை). ஆட்டம் அந்தச் சொற்களுக்குக் கை கால் முளைத்த வடிவம். ஐரோப்பியர் வருவதற்கு முன் ஹவாயில் எழுத்து கிடையாது. அரச வம்சாவளி, கடல் வழி, எந்த மலையில் என்ன மழை, யார் யாரைக் காதலித்தார்கள் என்பதெல்லாம் பாட்டில்தான் இருந்தது. அங்கே மழைக்கும் காற்றுக்கும் ஊர் ஊராகத் தனித்தனிப் பெயர் உண்டு. ஆடுகிறவர் அந்தப் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது, அந்த மழை எப்படிச் சாயும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை பொய் சொல்லும்.

ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'காவுலிலுவா' என்று தொடங்கும் மிகப் பழைய பாட்டு ஒன்று உண்டு. பாஹு என்ற முரசுக்கு ஆடுவது. தென்னந்துண்டைக் குடைந்து சுறாத்தோல் இழுத்துக் கட்டிய முரசு அது. கோயில் வழிபாட்டோடு சேர்ந்தது, அதனால் அதற்கு ஆடும் ஹூலாவுக்குத் தனி மரியாதை. பாட்டின் முதல் வரி, குளிருக்குமேல் குளிராய் நிற்கிற வையாலெயாலெ மலையைச் சொல்கிறது. கவாய் தீவின் நடுவில் உள்ள மலை, உலகத்தில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அடுத்த வரியில் முகம் தாழ்த்திப் பார்க்கும் ஒரு லெஹூவாப் பூ வருகிறது. லெஹூவா பொதுவாகப் பெரிய மரத்தில் பூப்பது. ஆனால் பாட்டில் வருவது அந்த மலையடியில் உள்ள சதுப்பில், மூடுபனியில், முழங்கால் உயரத்துக்குக்கூட வளராமல் குன்றி நிற்கும் வகை.

மேலோட்டமாகப் பார்த்தால் இயற்கை வர்ணனை. உள்ளே இருப்பது ஒரு பெண். அழகாக இருக்கிறாள், கிட்டே போனால் சில்லிட்டுப் போகிறாள். பாட்டுக்குள் இப்படி மறைந்திருக்கும் பொருளுக்குக் காவோனா என்று பெயர். அதை ஆடுகிறவர் வெளிப்படையாகக் காட்டிவிடவும் கூடாது, தெரியாத மாதிரி ஆடவும் கூடாது. கை மலையைக் காட்ட வேண்டும், கண்ணில் அந்தப் பெண் தெரிய வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அசைவுகள் எல்லாம் சரியாக வரும். கண்ணுக்கு வர முப்பது வருடம் ஆகலாம். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இந்த இடத்திலேயே வந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு இயோலானி லுவாஹினேயின் கதையைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் பழைய ஹூலா என்றாலே ஹவாய் மக்கள் முதலில் சொன்ன பெயர்களில் ஒன்று அது.

1915 ஜனவரியில் ஹவாய்ப் பெருந்தீவின் நாபோஓபோஓ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். வைத்த பெயர் ஹாரியட் லனிஹாவ் மகேகாவ். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய பாட்டி முறை உறவினர் கேயாஹி லுவாஹினே அவரை எடுத்து வளர்த்தார். உறவில் ஒரு குழந்தையை வாங்கி வளர்ப்பது அங்கே சாதாரண வழக்கம், ஹானாய் என்பார்கள். வம்ச அறிவு பெரும்பாலும் அந்த வழியில்தான் இறங்கும். சின்ன வயதில் குழந்தைக்குக் கண் நோய் வந்தது. மருத்துவம் பார்த்த பெரியவர் பெயரை மாற்றச் சொன்னார். அப்படி வந்ததுதான் இயோலானி: வானத்துப் பருந்து.

கேயாஹி கவாய் தீவின் பழைய ஆட்ட மரபில் வந்தவர். அவர் பிறந்தது 1877இல். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1820இல் கிறித்தவ மிஷனரிகள் ஹவாய்க்கு வந்தார்கள். பத்து வருடத்துக்குள், 1830இல், அப்போது அதிகாரத்திலிருந்த அரசி காஅஹுமனு பொது இடத்தில் ஹூலா ஆடக் கூடாது என்று ஆணையிட்டார். பிறகு தடை தளர்ந்து, கட்டணம் கட்டி உரிமம் வாங்கினால் ஆடலாம் என்ற நிலை வந்தது. 1874இல் பட்டத்துக்கு வந்த அரசர் காலாகாவுவா ஹூலாவை அரண்மனைக்கே திரும்பக் கொண்டுவந்தார். 1883இல் அவருடைய முடிசூட்டு விழாவில் நாள்கணக்கில் ஆட்டம் நடந்தது. அன்றைக்குப் பாடப்பட்டவற்றின் பட்டியலை அச்சிட்டதற்காக ஆபாச வழக்கே போட்டார்கள்! அரசரின் ஆண்மையைப் புகழ்ந்து பாடும் ஒரு பாட்டு வகை உண்டு, வம்சம் விளங்க வேண்டும் என்பதற்காகப் பாடுவது. பட்டியலில் அதுவும் இருந்ததுதான் வினை. 1893இல் அரசாட்சியே கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. சொல்லை நம்பி நிற்கிற ஆட்டத்துக்கு, ஆட்டத் தடையைவிட இந்த மொழிச் சட்டம் பெரிய அடி என்பது என் கருத்து. ஆடக் கூடாது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஆடலாம். பாட்டு புரியாத தலைமுறைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?

இந்த நிலையில் ஒரு பெண் ஒரு குழந்தையை எடுத்து, வீட்டுக்குள் வைத்து, பாட்டையும் ஆட்டத்தையும் இறக்குகிறார். ஹவாய்ப் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்ட கமேஹமேஹா பள்ளியில் குழந்தையைச் சேர்த்தார். அங்கே ஹூலாவுக்கு அனுமதி இல்லை என்று தெரிந்ததும் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். ஒரு பாட்டி, பேத்தியின் படிப்பையும் ஆட்டத்தையும் தராசில் வைத்து ஆட்டத்தின் பக்கம் சாய்ந்த கணம் அது. அவ்வளவு சுலபமான முடிவாக இருந்திருக்காது.

அந்தப் பள்ளியின் விதி எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொருவரின் கதை உண்டு. நோனா பீமர், 1923இல் பிறந்தவர், அவரும் ஹூலாக் குடும்பம். அதே பள்ளியில் படிக்கும்போது நின்றுகொண்டு ஹூலா ஆடியதற்காக வெளியேற்றப்பட்டார். உட்கார்ந்து கையசைத்து ஆடினால் குற்றமில்லை. நின்று ஆடினால் குற்றம்! பிற்பாடு அதே பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஹவாய்ப் பண்பாட்டைக் கற்பித்தார். வன்மம் இல்லாமல் திரும்பிப் போய் அதே வகுப்பறையில் நிற்பது எனக்கு ஆட்டத்தைவிடக் கடினமாகத் தெரிகிறது.

லுவாஹினேயிடம் திரும்புவோம். கேயாஹி 1937இல் இறந்தபோது இயோலானிக்கு 22 வயது. கேயாஹியிடம் கற்றவர்களில் இன்னொருவர் மேரி கவேனா புகூயி. பெயரைக் கவனியுங்கள், 1957இல் சாமுவேல் எல்பர்ட்டோடு சேர்ந்து ஹவாய் மொழி அகராதியை வெளியிட்டவர் இவர்தான். ஒரே ஆசிரியையிடம் கற்றவர்களில் ஒருவர் மேடைக்குப் போனார், ஒருவர் அகராதிக்குப் போனார். இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குப் படும். புகூயி பாடி, தாளம் போட, லுவாஹினே ஆடியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லின் வேரும் தெரிந்த ஒருவர் பாட, அந்தச் சொல்லை உடம்பில் ஏற்றிக்கொண்ட ஒருவர் ஆடினால் எப்படி இருந்திருக்கும்!

நேரில் பார்த்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். அவர் ஆடினால் காற்று மாறும், கூப்பிட்டால் பிராணிகள் வரும் என்றெல்லாம் கதைகள். அதை விடுங்கள். அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடிகளில் ஒருவரான டெட் ஷான் அவரை உலகத் தரத்துக் கலைஞர் என்று மதித்தார். ஹங்கேரியில் பிறந்து ஹவாயில் குடியேறிய பிரான்சிஸ் ஹார் அவரைப் புகைப்படங்களாகவும் திரைப்படமாகவும் பதிந்து வைத்தார். அந்தப் படங்களில் நீங்கள் பார்ப்பது ஒரு சின்ன உருவம், வெறுங்கால், நரை ஓடும் நீண்ட கூந்தல். முகம் இனிமையாகச் சிரித்துக்கொண்டே இருக்காது. ஒரு நொடி குறும்பு, அடுத்த நொடி யாரோ அவருக்குள் வந்து உட்கார்ந்தது மாதிரி ஒரு பார்வை. சுற்றுலா விளம்பரத்துக்கு அந்த முகம் உதவாது.

பணம்? அதில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கைலுவா கோனாவில் அரச குடும்பத்தின் பழைய ஹூலிஹேஏ மாளிகை இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அதன் பொறுப்பாளராக வேலை பார்த்தார். ஆட்டத்தைத் தங்கை முறை, மருமகள் முறை என்று உறவிலும் வெளியிலும் சிலருக்கு இறக்கினார். மருமகள் ஹோவாகலேய் கமாவுஉ அந்த வழியைத் தொடர்ந்து பெரிய ஆசிரியையானார். 1978 டிசம்பரில் லுவாஹினே இறந்தபோது வயது 63.

இந்த ஆட்டத்தை எப்படிக் கற்பிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் காலக் கணக்கு புரியும். கற்பிக்கும் இடமும் கற்பவர் கூட்டமும் ஹாலாவ். ஆசிரியர் குமு. பழைய நாளில் ஹாலாவுக்குள் ஒரு பீடம் இருக்கும், அதில் ஹூலாவின் தெய்வம் லாக்காவுக்கு அடையாளமாக, மஞ்சள் மரவுரி சுற்றிய ஒரு கட்டைத் துண்டு. சுற்றிலும் மைலேக் கொடி, பெரணி, லெஹூவா என்று காட்டுத் தழைகள். கற்கும் காலத்தில் முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, சில உணவு கூடாது, உடலுறவு கூடாது. தேறியதும் ஊனிகி என்ற அரங்கேற்றச் சடங்கு. அதில் நடுராத்திரியில் கடலில் குளித்துவிட்டு வர வேண்டும், பலி கொடுத்த பன்றியின் மூளையில் ஒரு துளி சாப்பிட வேண்டும். இவ்வளவு கெடுபிடியும் இன்று எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் பொழுதுபோக்கு வகுப்பு என்ற நினைப்போடு ஒரு நல்ல ஹாலாவுக்குள் போகிறவர் முதல் வாரமே வெளியே வந்துவிடுவார்.

தாளக் கருவியில் முக்கியமானது இபு ஹேக்கே. நம் சுரைக்குடுக்கையேதான். பெரிது ஒன்று, சிறிது ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. குமு பாயில் உட்கார்ந்து, அதைத் தூக்கித் தரையில் குத்தினால் 'ஊ', விரல்களால் பக்கத்தில் தட்டினால் 'தே'. தாளத்தைச் சொல்லிக் கொடுக்கும்போதும் ஊ, தே, தே என்றுதான் வாயால் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன் குமு "தயாரா?" என்று ஹவாய் மொழியில் குரல் கொடுப்பார். வரிசையில் நிற்பவர்கள் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு சரணம் முடியும் தறுவாயில், அடுத்த சரணத்தின் முதல் சொற்களை ஆடுகிறவர் கூவிச் சொல்ல வேண்டும். அதாவது ஆடுகிறவருக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். அசைவை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

அப்புறம் காடு. மாலைக்கும் தலை வளையத்துக்கும் தழை பறிக்க ஆடுகிறவர்களே மலைக்குப் போகிறார்கள். போகும் முன் பாட்டுப் பாடி அனுமதி கேட்பது வழக்கம். வேண்டியதை மட்டும், செடி பிழைக்கும்படி பறிப்பார்கள். ஆடி முடித்ததும் அதைக் குப்பையில் போட மாட்டார்கள், காட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். லெஹூவா பூக்கும் ஓஹிஆ மரத்தைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோயை 2014இல் அடையாளம் கண்டார்கள். மண்ணில், செருப்பில், கத்தியில் ஒட்டிக்கொண்டு பரவும் நோய். அதன்பிறகு பல ஹாலாவ்கள் லெஹூவாவைப் பறிப்பதையே நிறுத்திவிட்டு வேறு பூவுக்கு மாறின. பாட்டில் லெஹூவா வருகிறது, தலையில் லெஹூவா இல்லை. மரத்துக்காக அலங்காரத்தை விட்டுக் கொடுத்தார்கள்.

நீங்கள் கேள்வியில் சொன்ன கடற்கரை ஹூலாவும் பொய்யில்லை, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வைக்கீக்கியில் 1937 முதல் 2002 வரை கோடாக் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஹூலாக் காட்சி நடந்தது. பகல் வெளிச்சத்தில் வைத்தார்கள், அப்போதுதானே பிலிம் விற்கும்! ஆடுகிறவர்கள் ஹவாய் என்ற எழுத்து அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போஸ் கொடுப்பார்கள். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே ஆடிய பெண்களில் பலர் அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார்கள், வீட்டில் பாட்டியிடம் பழைய பாட்டையும் கற்றார்கள். கித்தார், உகுலேலே வைத்து ஆடும் புதிய பாணிக்கு அவுவானா என்று பெயர், பழையது கஹிகோ. நல்ல ஆசிரியர்கள் இரண்டையும்தான் கற்பிக்கிறார்கள்.

1970களில் காற்று திரும்பியது. ஹோனலூலுவில் மைக்கி ஐயு லேக் என்ற ஆசிரியை, குடும்பத்துக்குள் மட்டும் இறங்கிவந்த அறிவை, குமுவாக விரும்பிய இளைஞர்களுக்கு வகுப்பு நடத்தித் திறந்துவிட்டார். ஆண்கள் ஹூலாவை மறந்தே போயிருந்த நேரத்தில் அவருடைய மாணவர் ராபர்ட் கசிமேரோ 1975இல் ஆண்களுக்கென்றே ஒரு ஹாலாவ் தொடங்கினார். ஹீலோ நகரத்தில் 1964இல் ஆரம்பித்த மெர்ரி மோனார்க் விழாவில் 1971 முதல் போட்டி நடக்கிறது. குஷியான மன்னர் என்று அழைக்கப்பட்ட காலாகாவுவாவின் நினைவாக வைத்த பெயர் அது. போட்டி நடக்கும் அரங்கத்துக்கு ஈடித் கனகாஓலே பெயர். நான் சொன்னேனே, எரிமலைத் தீவின் தாழ்ந்த ஆட்டம், அதைத் தாயிடம் கற்று மகள்களுக்குக் கொடுத்தவர் அவர். 2023இல் அமெரிக்க அரசு அவர் முகம் பதித்த 25 சென்ட் நாணயம் வெளியிட்டது. அவருடைய கூந்தல் அதில் மலையும் நிலமுமாக விரிகிறது. பக்கத்தில் ஹவாய் மொழியில் ஒரு வரி, அறிவைத் தா என்று அர்த்தம். பள்ளியில் ஹவாய் மொழியை ஒதுக்கிய 1896ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, கடைச் சில்லறையில் வந்த பதில் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

பார்க்க ஆசை வந்தால் கஹிகோவிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை பார்க்கும்போது காலைப் பாருங்கள், முழங்கால் நிமிர்கிறதா என்று. இரண்டாம் முறை, கை போகும் இடத்துக்குக் கண் போகிறதா என்று பாருங்கள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேளுங்கள். பல பாட்டுகளின் முடிவில் ஆடியவர்கள் ஒரு பெயரை உரக்கச் சொல்வார்கள், இது இன்னாருக்குரிய பெயர்ப்பாட்டு என்று. அரசராக இருக்கலாம், நூறு வருடம் முன் செத்துப்போன ஒரு குழந்தையாக இருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லி முடித்தபிறகுதான் வரிசை கலையும்.